மூன்றாவது தடவை

அத்தியாயம் 9

காலை ஏழு மணிக்கு அந்தச் சலவையகத்துக்குள் நுழைகிறவர்களுக்கு மேகத்துக்குள் கால் வைத்தது போலிருக்கும். பாய்லரிலிருந்து கிளம்பும் ஆவி கூரைவரை எழும்பி, கண்ணாடி ஓடுகள் வழியே விழும் வெயிலைப் பாலாக்கிக்கொண்டு மெல்ல இறங்கும். கம்பிகளில் தொங்கும் வெள்ளை விரிப்புகள் யாரும் தொடாமலே மூச்சு விடும். உள்ளே இருப்பவர்கள் முதலில் குரலாக வருவார்கள், அப்புறம் நிழலாக, கடைசியில்தான் முகமாக.

பெரியப்பா மட்டும் அந்த வெண்மையிலும் முழு ஆளாகத் தெரிவார். அறுபத்து நான்கு வயதில் முதுகு ஒரு விரற்கடைகூட வளையவில்லை. "அண்ணன் சட்டைக்குக் கஞ்சி போடுறதில்ல, நேரா உடம்புக்கே போட்டுக்கிறாரு" என்று அவருடைய தம்பி சொல்வதுண்டு. அவர் காதில் விழாத தூரத்தில்.

அந்தச் சலவையகத்தின் நல்ல பேரெல்லாம் ஒரே வழக்கத்தில் நின்றது. எதையும் மூன்று தடவை பார்ப்பது. துணி வந்ததும் ஒரு பார்வை, துவைத்ததும் ஒன்று, கட்டும்போது ஒன்று. ஓரத்தில் நூலால் தைத்த சலவைக்குறியை விரலால் தடவி, எண்ணை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கட்டு. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு கைக்குட்டை தொலைந்ததில்லை. மாலையில் பூட்டும்போதும் அப்படித்தான். பாய்லரின் வால்வை மூடித் தொட்டுப் பார்ப்பார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து தொடுவார். தெருமுனைவரை போய், மறுபடி வந்து தொடுவார். யாரும் அதை விசித்திரமாக நினைத்ததில்லை. பெரியவர் பொறுப்பானவர் என்றார்கள்.

மடிக்கும் அறையின் சுவரில் நான்கு பித்தளைக் கொக்கிகள். மூன்றில் அவருடைய, தம்பியுடைய, தம்பி மனைவியுடைய மேலங்கிகள் தொங்கும். நான்காவதிலும் ஒரு மேலங்கி உண்டு. அதை யாரும் போட்டுக்கொள்வதில்லை. வாரம் ஒருமுறை பெரியப்பாவே எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திரும்ப மாட்டுவார். அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யார் சொல்லித் தெரிந்தது என்பதுதான் தெரியாது.

அந்தக் கொக்கிகளுக்குக் கீழே, மடித்த விரிப்புகளின் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில், பதினோரு நாளாக ஒரு குடித்தனம் நடந்துவந்தது. குடியிருப்பவள் தம்பியின் மகள். எட்டு வயது. தவழ்கிற பருவத்தில், சட்டைகளிலிருந்து தெறித்த பொத்தான்களைப் பொறுக்கிச் சேர்த்தவள் என்பதால் பொத்தான் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

பள்ளிக்கூட வாசலில் அவள் கால் நின்றுபோன அந்தக் காலையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், வாந்தி எடுத்தாள், வீடு வந்த அரைமணியில் சரியாகிவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். குடும்ப மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். அந்த ஒன்றுமில்லாததற்கு ஒரு பேர் வேண்டியிருந்தது பெரியப்பாவுக்கு. வகுப்பு ஆசிரியை போன் செய்தபோது, தம்பி மனைவி கையிலிருந்து வாங்கி, மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டார்.

காமாலைக்கு யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. பயம் என்றால்? இந்த வீட்டுப் பிள்ளைக்குப் பயமா?

இன்று காலை எட்டரை மணிக்கு அந்தப் பொய் வேன் ஏறித் திரும்பி வந்தது.

தம்பி வேனைப் பின்பக்கமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். விடிந்ததும் ஏற்றிய கட்டுகள் ஏற்றிய வரிசையிலேயே இருந்தன. நூற்று இருபது விரிப்பு, இருநூற்று நாற்பது உறை. ஹோட்டலில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்களாம். ஹோட்டல் மேலாளரின் மகன் பொத்தானுக்கு அடுத்த பெஞ்சில் உட்காருகிறவன்.

"'உங்க வீட்டுல காமாலையாமே, எங்க விருந்தாளிங்க இதுல தலை வெச்சுப் படுக்கணுமே'ங்கிறாரு. நான் என்னண்ணே சொல்றது? காமாலை இல்லைன்னா, பின்ன பிள்ளைக்கு என்னன்னு கேப்பாரு. ஆமான்னா, கடையைச் சாத்தச் சொல்லுவாரு."

பெரியப்பா ஒரு கட்டின் மேல் கை வைத்தார். இஸ்திரியின் சூடு இன்னும் உள்ளே இருந்தது. இந்த வாசலுக்குத் திரும்பி வந்த முதல் கட்டு.

தம்பி மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அதிகம் பேசுகிறவள் அல்ல. பேசினால் ஒரு மடிப்புகூட மிச்சமிருக்காது.

"பதினொரு மணிக்குக் குழந்தைங்க மனநல டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன் அத்தான். போன வாரம் வேணாம்னீங்க, சரின்னேன். இன்னிக்கு உங்களைக் கேக்கல. சொல்றேன்."

"நாலு பேர் பாத்தா..."

"அந்த நாலு பேருக்குத்தான் காமாலைன்னு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சே."

தம்பி திடீரென்று வேனின் டயரை ஆராயத் தொடங்கினார்.

பெரியப்பாவின் சட்டைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். குடும்ப மருத்துவர் பழைய சிநேகிதர்; மூன்று நாள் கெஞ்சியபின், காமாலை குணமாகிவிட்டது, இனித் தொற்றாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். பெரியப்பா வாழ்க்கையில் ஒருவரிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை, அதுவும் வராத நோய்க்காக. அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கலாம், ஹோட்டலிலும் காட்டலாம். குடும்ப மானம் மொத்தமும் நாலாக மடித்த அந்த ஒற்றைக் காகிதத்தில் இருந்தது.

பொத்தான் சந்திலிருந்து வெளியே வந்தாள். விரிப்புகளை விலக்கிக்கொண்டு வந்ததில் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அப்பா எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டாள். மூன்று மணி என்றார் பெரியப்பா. கண்டிப்பாகவா என்றாள். கண்டிப்பாக என்றார். வண்டி வழியில் நின்றுவிடாதல்லவா என்றாள். நிற்காது என்றார். மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு காலையும் இந்தப் பாடம் மூன்று சுற்று நடக்கும். வீடே சலிக்காமல் பதில் சொல்லும். சொல்லச் சொல்ல அவள் கேள்விக்குப் பசி கூடிக்கொண்டே போனது.

டாக்டரிடம் வருவதற்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "பெரியப்பாவும் வரட்டும். அவர்தான் எல்லாத்தையும் மூணு தடவை பாப்பாரு."

ஆறு வயதில் அவள் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுவிட்டுத் தூங்கப் போனபோது, "பாத்தீங்களா, என் ரத்தம்" என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர். இன்று அந்த 'மூணு தடவை' காலரில் மாட்டிய ஊசி போலக் குத்தியது.

வழியெல்லாம் அவர்களுக்கு இரண்டு கடை முன்னால் நடந்தார், வேறு வேலையாகப் போகிறவர் போல.

டாக்டரின் காத்திருப்பு அறையில் ஜன்னல்களுக்கு மெல்லிய திரை போட்டிருந்தது. வெளிச்சம் அதில் வடிகட்டி வந்து, தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல ஒரு மயக்கம். பெரியவர்களுக்கான நாற்காலிகள் நிறைந்திருந்தன. மிச்சமிருந்தது குழந்தைகள் உட்காரும் மஞ்சள் நாற்காலி. நிற்பது நாலு பேர் கண்ணில் படும் என்பதால் அதிலேயே உட்கார்ந்தார். முழங்கால் முகவாய்க்கு வந்தது. முதுகு மட்டும் நேராக இருந்தது.

நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்த குட்டித் தலையணையின் உறையை விரல் தானாகத் தடவியது. ஓரத்தில் நீல நூலில் நாற்பத்தேழு. அவருடைய தையல். ஒன்பது வருடமாக வியாழன்தோறும் சலவைக்கு வரும் பை இங்கிருந்துதான். உறைகளில் ஈரம் பட்டுக் காய்ந்த உப்புக்கறை இருக்கும். என்ன இடம், யார் அழுத கறை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கறை போயிற்றா என்பதை மட்டும் மூன்று தடவை பார்த்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்த அம்மாள். மேசைக்குப் பின்னால் உட்காராமல் பொத்தானோடு தரையில் உட்கார்ந்தார். பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. வந்தால் அது எங்கே உட்காரும் என்று கேட்டார்.

"வயித்துல" என்றாள் பொத்தான். "கடைசியா தண்ணி பிழியறதுக்கு மெஷின் ஒரு சுத்து சுத்துமே, அது மாதிரி."

"அப்ப என்ன தோணும்?"

"அப்பா வண்டி எங்கயாவது நின்னுபோச்சுன்னு. நான் வீட்டுல இருந்தா நிக்காது."

பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. அந்த வேன் ஒரே ஒரு தடவைதான் நின்றது, நான்கு மாதத்துக்கு முன்னால், அதுவும் ஒரு மணி நேரம், யாருக்கும் கீறல்கூட இல்லை என்று விளக்கினார். அதற்குப் போய் ஒரு பிள்ளை இப்படியா?

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட பாய்லர் இருக்குன்னாங்க. உள்ள அழுத்தம் சரியா இருக்கும்போதே விசில் அடிச்சா என்ன பண்ணுவீங்க ஐயா?"

தொழில் விஷயம் என்றதும் அவர் குரல் நிமிர்ந்தது. "விசிலை அடைக்கக் கூடாது. அடைச்சா ஒருநாள் வெடிக்கும். விசில் பொய் சொல்லல. அது அடிக்கிற அளவு கொஞ்சம் கீழ இறங்கியிருக்கும். அதைத்தான் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி வைக்கணும்."

"அவ்வளவுதான் இவளுக்கும்" என்றார் டாக்டர்.

பிறகு அவர் சொன்னதெல்லாம் பெரியப்பாவுக்கு ஆவிக்குள்ளிருந்து வரும் குரல் போலக் கேட்டது. பயம் நடிப்பில்லை, பிடிவாதமில்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை. வயிற்றுவலி நிஜமான வலி. ஒன்றும் ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதை வளர்க்கும். ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பதும் வளர்க்கும். ஒரு கேள்விக்கு ஒரு பதில். மறுபடி கேட்டால், கேட்பது நீயா பயமா என்று அவளையே கேளுங்கள். பயம் ஏறும், ஏறினது இறங்கும், இறங்கும்வரை கூடவே நில்லுங்கள். அவசரப்படுத்தவும் வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

ஒரு காகிதத்தில் படிக்கட்டு வரைந்தார். உச்சிப் படியில் முழுநாள் வகுப்பு. எல்லாவற்றுக்கும் கீழ்ப்படியில், பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் பத்து நிமிடம் நிற்பது. இன்றைக்கு அது மட்டும். யாரோடு என்று பொத்தானே சொல்லட்டும் என்றார். அவள் பெரியப்பாவைக் காட்டினாள்.

எழுந்திருக்கும் நேரத்தில் டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். "வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா? பழைய தலைமுறையில?"

விரிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் பாதங்கள் அவர் கண்முன் வந்தன. வெளுத்த, நனைந்த பாதங்கள்.

"இல்ல" என்றார்.

தம்பி மனைவி தரையைப் பார்த்தாள். பொத்தான் அவரைப் பார்த்தாள்.

மூன்று மணி வெயில் பள்ளிக்கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம், மூடிக் கிடந்த பூக்கடையின் நிழலில் இருவரும் நின்றார்கள். உள்ளே எங்கோ ஒரு வகுப்பு ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. தூரத்தில் கேட்கும்போது அது தாலாட்டு போலிருந்தது.

"அப்பா வந்திருப்பாரா?"

"வர்ற நேரம்தான்."

"கண்டிப்பா?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைப் பல்லுக்குள் பிடித்து வைத்துக்கொண்டார். "கேக்குறது நீயா, பயமா?"

அவள் யோசித்தாள். "பயம்தான்."

"அப்ப அதுக்குப் பதில் வேணாம். நம்மகூடவே நிக்கட்டும்."

அவள் கை அவருடைய சுண்டுவிரலைப் பற்றியிருந்தது. உள்ளங்கை நனைந்தது. மூச்சு மேலே மேலே ஏறி, தோள்பட்டையில் வந்து நின்றது. தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. காலையில் கிளம்பும் அவசரத்தில் வால்வை ஒரே தடவைதான் தொட்டிருந்தார். அதிலிருந்து இந்த நிமிடம்வரை அவர் வயிற்றிலும் ஒரு மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமும் அதற்கு அவர் வைத்திருந்த பேர் பொறுப்பு.

இருவரும் நின்றார்கள். வெயில் ஒரு செங்கல் அகலம் நகர்ந்தது. வாய்ப்பாடு ஏழிலிருந்து எட்டுக்கு மாறியது. எப்போது என்று சொல்ல முடியாத ஒரு கணத்தில், கம்பியில் காற்று நின்ற விரிப்பு போல, அவளுடைய தோள்கள் தாமாகக் கீழே இறங்கின.

"இறங்கிருச்சு" என்றாள் ரகசியமாக. பிறகு யாரும் சொல்லாமலே சாலையைக் கடக்கலாமா என்று கேட்டாள். கடந்தார்கள். இரும்புக் கதவின் தாழ்ப்பாளை ஒரு விரலால் தொட்டாள். ஒரே தடவை.

கதவுக்குள்ளிருந்து வகுப்பு ஆசிரியை வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அடடே, நடமாட ஆரம்பிச்சாச்சா? காமாலை இறங்கிடுச்சா சார்? சான்றிதழ் கேட்டிருந்தேனே, கொண்டுவந்தீங்களா?"

பெரியப்பாவின் கை சட்டைப்பைக்குப் போனது. காகிதம் மொறமொறவென்று இருந்தது. நீட்டினால் முடிந்தது. ஹோட்டலுக்கு வேன் நாளைக்கே ஓடும். கீழே பார்த்தார். பொத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் குறை எதுவும் இல்லை. அவர் வால்வைத் தொடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பாளே, அதே கவனம். அவர் எப்படிச் செய்கிறாரோ அப்படித்தான் தானும் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்ளும் கவனம்.

கையைப் பையிலிருந்து வெறுமனே எடுத்தார்.

"காமாலை வரவே இல்லைம்மா. நான் சொன்னது பொய். இவளுக்கு உள்ள ஒரு பயம் இருக்கு. டாக்டர்கிட்ட காட்டியிருக்கோம். கொஞ்சங்கொஞ்சமாத்தான் வருவா."

ஆசிரியை குனிந்து பொத்தானிடம் மட்டும் சொன்னார். "உன் பென்சில் டப்பா பதினோரு நாளா என் மேசை மேலதான் இருக்கு. அங்கேயே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்" என்றாள் பொத்தான்.

சலவையகத்துக்கு வந்ததும் உட்காராமலே ஹோட்டல் மேலாளருக்குப் போன் செய்தார். ஆசிரியையிடம் சொன்ன அதே வாக்கியங்களை, அதே வரிசையில் சொன்னார். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மேலாளர் வைத்துவிட்டார். கட்டுகள் கூடத்தில் வெள்ளைச் சுவராக அடுக்கியபடியே இருந்தன. தம்பி தேநீரைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தார். இந்த வீட்டில் அது பெரிய பேச்சு.

பெரியப்பா அந்தச் சட்டையைக் கழற்றித் துவைக்கும் தொட்டிக்குள் போட்டார். பையைப் பார்க்கவில்லை. பை பார்க்காமல் அங்கே நனைந்த முதல் சட்டை அதுதான்.

அந்தி மங்கும் நேரத்தில் வால்வை மூடித் தொட்டார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து தொட்டார். தெருமுனையில் வழக்கம்போல அவர் கால்கள் நின்றன. பக்கத்தில் பொத்தான் நின்றாள். பின்னால் சலவையகத்தின் கூரையிலிருந்து கடைசி ஆவி கிளம்பி, வானத்தின் சாம்பல் நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது.

"போய்ப் பாக்கலையா பெரியப்பா?"

"கேக்குறது நீயா, பயமா?"

"நான்தான். உங்களுக்காகக் கேட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவருக்கே புதுச்சட்டை போலப் பழக்கமில்லாமல் இருந்தது. "கொஞ்ச நேரம் இங்கேயே நிப்போம்" என்றார். நின்றார்கள். விரல் நுனிகள் அரித்தன. வேட்டியைப் பற்றிக்கொண்டார். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, அவர்களைத் தாண்டிப் போயின.

"டாக்டர் கேட்டப்போ வேற யாருக்கும் இல்லைன்னீங்க" என்றாள் பொத்தான்.

"ம்."

"நாலாவது கொக்கி யாரோடது?"

முப்பத்தாறு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. இருதயம் பலவீனம், வெளியூரில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள் என்று அவரே ஊருக்கெல்லாம் சொல்லி, சொன்னதை மெய்யாக்க அங்கேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவளைப் பற்றிய கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என் தங்கச்சியோடது. உனக்கு அத்தை."

"ரொம்ப தூரமா?"

"இல்ல. நம்ம வேன் போய்ட்டு வர்ற தூரம்தான்."

பொத்தான் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "கட்டெல்லாம் கூடத்துலதான இருக்கு. அப்ப நாளைக்கு வண்டி காலிதானே?"

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். சலவையகத்தின் இருண்ட ஜன்னலில், நான்காவது கொக்கி இருக்கும் இடத்தில், அந்த மேலங்கி வெள்ளையாகத் தெரிந்தது.

இந்தத் தடவை அவரை உள்ளே இழுத்தது வால்வு இல்லை.